நவாப் நக்கிய சுவர்

ஆம்பூர் பைபாஸிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டாவது ஈடு இட்லி இறங்குவதற்குள் காசிநாதன் ஒரு சபதம் போட்டார்.

“ஒரு வாரம். ஒரே வாரம் டைம். இந்தச் செவுத்துக்குத் தண்ணி எங்கருந்து வருதுன்னு நான் கண்டுபிடிக்கல, என் பேரு காசிநாதன் இல்ல.”

“அப்ப ஆதார் கார்டுல பேர மாத்தணுமே. அதுக்கு ஒரு நாள் லீவு போடணும்” என்றாள் அமிர்தவள்ளி, அடுப்படியிலிருந்து.

சபதம் போடுகிற ஆம்பளைக்கு முதல் எதிரி பதில் சொல்லுகிற பெண்டாட்டி. காசிநாதனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கல்யாணமான நாளிலிருந்து சபதம் போட்டுக்கொண்டு வருகிறார்.

சுவர் என்றால் எந்தச் சுவர்? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கிற சுவர். மழை படாது. வெயில் படாது. வெளியுலகத்தோடு எந்தச் சங்காத்தமும் கிடையாது. அப்பேர்ப்பட்ட சுவரின் வயிற்றில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஈரத் திட்டு ஒன்று. போன வருஷம் உள்ளங்கை அகலம் இருந்தது. இந்த வருஷம் கல்யாணத் தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. பெயிண்ட் பொரிந்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அமிர்தவள்ளி தினமும் இரண்டு வேளை பெருக்கித் தள்ளினாள்.

வேறு சுவராக இருந்தால் காசிநாதன் இவ்வளவு துடித்திருக்க மாட்டார். இது அவருடைய செல்லச் சுவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டியபோது மற்ற சுவர்களுக்கெல்லாம் சூளையிலிருந்து செங்கல் வந்தது. இதற்கு மட்டும் அவரே கொண்டுவந்தார். பேரணாம்பட்டு ரோட்டில் யாரோ ஒரு பழைய தோல் மண்டியை இடித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தார். விடவில்லை. இரண்டு டிராக்டர் லோடு.

“எண்பது வருஷத்துச் செங்கல்லு! தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கும்” என்பார் வருகிறவர்களிடம். அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளி சுவரைத் தட்டினால்தான் காபி வரும். தட்டிவிட்டு, “ஆமாமா, மணி மாதிரிதான்” என்று சொன்னால் முறுக்கும் வரும். சம்பந்தி வீட்டார் வந்தபோதுகூட ஒருத்தர் விடாமல் வரிசையில் நின்று தட்டினார்கள்.

அமிர்தவள்ளிக்கும் அந்தச் சுவருக்கும் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

“ஒரு ஜன்னல் அளவுக்கு இடிச்சு வுடுங்களேன். யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு ஒண்ணும் தெரியல. கெணத்துக்குள்ள நின்னு சமைக்கிற மாதிரி இருக்குது.”

“இந்தச் செவுத்து மேல கைய வெக்கறதா? என் உசுரு இருக்குற வரைக்கும் நடக்காது!”

இப்படி மூன்று வருஷம் ஓடிவிட்டது.

காசிநாதன் டேனரியில் செலக்‌ஷன் மாஸ்டர். பதம் போட்டு முடிந்த தோலை மேஜையில் விரித்துத் தடவிப் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது கழிசல் என்று பிரிக்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே, அந்த ஆடு உயிரோடு இருந்தபோது பட்ட கஷ்டமெல்லாம் சொல்லிவிடுவார். “இது வேலி முள்ளு கீச்சினது. இது உண்ணி கடிச்சது. இது சரியா காய வெக்காததால வந்தது.” எதில் குற்றம் இருந்தாலும் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கிற விரல் என்று கம்பெனியில் அதற்குத் தனி மரியாதை உண்டு. வீட்டில் அந்த விரலுக்கு இருந்த ஒரே வேலை அடுத்தவர்களைக் காட்டுவதுதான்.

முதலில் அது அமிர்தவள்ளியைக் காட்டியது.

“எல்லாம் உன் சிங்க்கால வந்த வென.”

“சிங்க்கு அந்த மூலைல இருக்குது. ஈரம் இந்த மூலைல இருக்குது.”

“தண்ணி நடக்கும்டி.”

“நான் நாள் பூரா அங்கதான நிக்கிறேன்? என்ன மீறி எப்டி நடந்துச்சாம்?”

“உனக்குச் சொன்னா புரியாது. நான் சயின்ஸ் படி கண்டுபிடிக்கறேன்.”

சயின்ஸ் மறுநாள் சாயங்காலம் ஒரு பொட்டலத்தில் வந்தது. தோலுக்குப் போடுகிற நீலச் சாயம். அதை சிங்கில் கரைத்து ஊற்றினார். சுவரில் நீலம் தெரிந்தால் சிங்க்தான் குற்றவாளி, அதுதான் கணக்கு. சுவரில் நீலம் வரவில்லை. சுவரைத் தவிர மற்றதெல்லாம் நீலமாயிற்று. இட்லித் துணி, அரிசி களைகிற குண்டான், அமிர்தவள்ளியின் முந்தானை. தோலுக்கான சாயம் தோலில்தானே நன்றாகப் பிடிக்கும்? காசிநாதனுடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலம். ஒரு வாரம் போகவில்லை.

“மாஸ்டர், இன்னா கையில?” என்றார்கள் கம்பெனியில்.

“பெயிண்ட்டு” என்றார். அதுதான் அந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய்.

இந்த இடத்தில் நவாபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு முஸம்மில் பாய் ஷூ கம்பெனிகளுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி ஜஹீருன்னிசா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச் சுவர். பக்ரீத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு கிடாவை வாங்கி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான் நவாப் என்று பெயர். காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் நேராகக் காசிநாதன் வீட்டுக் கூடத்துக்கு வரும். ஈரத் திட்டுக்கு எதிரில் நிற்கும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நக்கும்.

“இன்னாங்க, இந்த ஆடு ஏன் தெனம் வந்து இதையே நக்குது? அதக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்” என்றாள் அமிர்தவள்ளி.

“ஆட்டுக்கு இன்னாடி தெரியும்? இருபத்திரெண்டு வருஷமா ஆட்டுத் தோலப் பாக்குறவன் நான். எனக்கு ஆடு வந்து பாடம் எடுக்கணுமா?”

“ஆட்டுத் தோலப் பாத்தீங்க சரி. ஆட்ட என்னிக்காவது பாத்தீங்களா?”

பதில் இல்லாதபோது ஆம்பளைகள் எதையாவது கையில் எடுப்பார்கள். காசிநாதன் துடைப்பத்தை எடுத்தார். நவாப் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாக வெளியே போனது.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து ஈரம் பார்க்கிற மீட்டரை வாங்கி வந்தார். தோலில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லுகிற சின்ன மிஷின். சுவரில் குத்தினார். எண் எகிறி உச்சிக்குப் போய் ‘கீ கீ’ என்று கத்தியது. அதே சுவர் பொதுச் சுவரைத் தொடுகிற முனை வரைக்கும் நகர்த்திக்கொண்டே போனார். அங்கேயும் கத்தியது. அந்தப் பக்கம் என்ன? முஸம்மில் பாய் வீட்டு பாத்ரூம்!

“மாட்டிச்சு பாத்தியா!” காசிநாதன் துள்ளினார். “பாய் வூட்டு பாத்ரூம்ல பைப்பு ஒடஞ்சிருக்குது. தண்ணி அஸ்திவாரம் வழியா வந்து நம்ம செவுத்துல ஏறுது.”

“அய்யோ, அவங்ககிட்ட போய் ஏதாவது சொல்லி வெக்காதீங்க. நம்ம மேல குத்தம் இருந்தா?”

“இருந்தா, நீ கேட்ட ஜன்னல வெச்சுத் தர்றேன். போதுமா? முதல் செங்கல்ல என் கையாலயே பேத்து எடுக்கறேன்.”

அமிர்தவள்ளி அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

“இத ஜஹீரு அக்கா எதிர்ல சொல்லுங்க.”

“ஊரு எதிர்லயே சொல்றேன்டி!”

சொன்னார். பக்கத்து வீட்டு வாசலில், தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். முஸம்மில் பாய் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு மரியாதையாக நின்று கேட்டார்.

“மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒடச்சுப் பாத்துடலாம்.”

“ஒடச்சு ஒண்ணும் இல்லன்னா பாய், பாத்ரூம் பூரா புது டைல்ஸு என் செலவு. இது காசிநாதன் வாக்கு.”

“நாங்க கேக்குற கலரா அண்ணே?” என்றாள் ஜஹீருன்னிசா, கதவுக்குப் பின்னாலிருந்து.

“எந்தக் கலர் வேணா கேளும்மா!” என்றார். அவர் பின்னாலேயே வந்து நின்ற அமிர்தவள்ளியும் ஜஹீருன்னிசாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை ஆரோக்கியசாமி மேஸ்திரி சுத்தியும் உளியுமாக வந்தார். ரோஸ் நிற டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே மண் தெரிந்தது. மேஸ்திரி ஒரு கைப்பிடி அள்ளி ஊதினார். புழுதி பறந்து காசிநாதன் மூக்கில் ஏறியது.

“சார், சித்திர வெயில்ல கெடந்த மாதிரி காஞ்சு கெடக்குது.”

“பைப்பு?”

“புதுப்பொண்ணு மாதிரி இருக்குது. ஒரு கீறல் இல்ல.”

காசிநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த நிமிஷமே ‘தப்பு என்னுது’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மேஸ்திரி பார்க்கிறார், எட்டிப் பார்க்கிற தெருக்காரர்கள் பார்க்கிறார்கள்.

“இன்னும் ஆழத்துல இருக்கும்” என்றார். “கீழ தோண்டினாதான் தெரியும்.”

“தோண்டிடலாம் மாஸ்டர்” என்றார் முஸம்மில் பாய். மேஸ்திரிக்கு வேறு வேலை இருந்ததால் அவரே கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் காசிநாதன் டேனரி முற்றத்தைக் கடக்கும்போது தூறல் வலுத்தது. பச்சைத் தோல் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினார். இருபத்திரெண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் வந்தது பத்துத் தடவை இருக்காது. அவர் தொடுவதெல்லாம் பளபளவென்று முடிந்த தோல். இங்கே இருப்பது உப்புப் போட்டு அடுக்கின நாற்றத் தோல்.

மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொட்டகைச் சுவரில் ஈரத் திட்டு. அதே உயரம். அதே மாதிரி பொரிந்து உதிர்கிற சுண்ணாம்பு. அதன் எதிரில் வாட்ச்மேனுடைய பசுமாடு நின்று, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது.

தோலை உதறி உப்பு நீக்குகிற செல்லம்மாள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“செல்லம்மா, இந்தச் செவுத்துல இன்னா ஈரம்? பைப்பு போவுதா?”

“பைப்பா? நீங்க வேற சார். உப்பு! வருஷக் கணக்கா உப்புத் தோல சாச்சு சாச்சு அடுக்கறாங்கல்ல, செங்கல்லு பூரா உப்பக் குடிச்சிடுச்சு. மானம் மூடினா போதும், காத்துல இருக்குற ஈரத்த எல்லாம் இழுத்துக்கும். வேர்த்துக் கொட்டும். வெயில் வந்தா தானா காஞ்சிடும்.”

காசிநாதன் மூக்கிலிருந்து கையை எடுத்தார். “மேல... சிமெண்ட் பூசினா?”

“எத்தினி பூசினாலும் தள்ளிகினு வந்துடும் சார். செங்கல்லயே இல்ல இருக்குது? இடிக்கணும். இதுல ஒரு கூத்து கேளுங்க. ஊர்ல சில கூமுட்டைங்க, பழைய மண்டி இடிச்சா அந்தச் செங்கல்ல கொண்டு போய் வூடு கட்டுறாங்களாம். எவனாவது கட்டுவானா சார்?”

“கட்ட மாட்டான்” என்றார் காசிநாதன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

மழையிலேயே நடந்து மேஜைக்குத் திரும்பினார். அன்று மதியம் அவர் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் ரகத்தைக் கழிசலில் போட்டார். எவ்வளவு பேரிடம் ‘தட்டிப் பாருங்க’ என்று சொல்லியிருக்கிறோம்! சம்பந்தி வீட்டாரைக்கூட வரிசையில் நிற்க வைத்தோமே! அதைவிட, கடப்பாரையோடு ஒரு நல்ல மனுஷன். இந்த நேரத்தில்கூடத் தோண்டிக்கொண்டிருப்பார். மீட்டர் எங்கே குத்தினாலும் கத்தியது ஏன் என்பதும் இப்போது புரிந்தது. உப்பைக் கண்டால் அது அப்படித்தான் கத்தும்.

சாயங்காலம் நேராக முஸம்மில் வீட்டுக்குப் போனார். பாய் இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தார். பனியனெல்லாம் மண்.

“பாய், போதும். வுட்ருங்க.”

“இன்னா மாஸ்டர் இப்டி சொல்றீங்க? உங்க செவுரு காஞ்சிடுச்சா?”

“அது... இல்ல.”

“அப்ப எப்டி வுடறது? எங்க வூட்டுத் தண்ணி உங்க வூட்டுக்குப் போவுதுன்னா அது பாவம். அண்ட வூட்டுக்காரங்களுக்கு நம்ம மேல ஹக்கு இருக்குது மாஸ்டர். ஒரு உரிம இருக்குது. அதுக்கு நாளைக்கு நான்தான ஜவாப் சொல்லணும்?”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து தோண்டினார். காசிநாதன் நின்றார். ‘உப்பு பாய்’ என்கிற இரண்டு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வரவில்லை. வெட்கம் என்பது தொண்டையில் மீன்முள் மாதிரி. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

ஜஹீருன்னிசா டீ கொடுத்தாள். “குடிங்க அண்ணே, அலஞ்சுட்டு வந்திருக்கீங்க.” அந்த டீயைக் குடித்ததுதான் அவருக்குக் கடைசிவரைக்கும் ஆறவில்லை.

மறுநாள் ஞாயிறு. சபதம் போட்டு ஒரு வாரம். அமிர்தவள்ளி ஜஹீருன்னிசாவோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.

“நீங்க வரலியா?”

“எனக்குத் தல வலி.”

“தலைக்கா? வரத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீடு காலியானது. காசிநாதன் சுவருக்கு முன்னால் நின்றார். இன்னும் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. ஒருவேளை உப்பாக இல்லாமல் இருந்தால்? செல்லம்மாள் சொன்னது வேறு சுவர், இது வேறு சுவர். பார்த்துவிட்டால் போயிற்று. எப்படிப் பார்ப்பது? மீட்டரை நம்ப முடியாது. விரலில் தொட்டுப் பார்க்கலாம் என்றால் விரலில் இன்னும் சாயம். ஒரே வழிதான் இருந்தது.

கதவை ஒருக்களித்தார். ஜன்னல் திரையை இழுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்.

உப்பு.

சந்தேகமே இல்லை. கல் உப்பு. இருந்தாலும் குற்றம் பார்க்கிற தொழிலில் ஒரே இடத்தில் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பது விதி. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம் பார்த்தார். அங்கேயும் உப்பு. மேலே ஒரு இடம் பார்த்தார். அதற்குள் ஒருக்களித்த கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு நவாப் வந்துவிட்டது. தன் இடத்தில் வேறு ஒருவர் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது. பிறகு பெரிய மனசு பண்ணி அவர் பக்கத்திலேயே நின்று தன் வேலையை ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் பை வைக்கிற சத்தம் கேட்டது.

“நவாப், தள்ளி நில்லுடா. மாமாவுக்கும் எடம் வுடு.”

காசிநாதன் திரும்பினார். வாசலில் அமிர்தவள்ளி. அவள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜஹீருன்னிசா. பர்ஸை மறந்து விட்டுவிட்டுப் போனார்களாம். நாக்கில் சுண்ணாம்பு. மூக்கு நுனியில் சுண்ணாம்பு. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

“அது... பல்லி. பல்லி ஒண்ணு ஓடுச்சு.”

“நாக்கால புடிச்சீங்களா?”

“பெயிண்ட்டு... வாசனை...”

“இன்னும் ஒரு பொய் பாக்கி இருந்தா அதையும் சொல்லிடுங்க. நான் வெங்காயம் வாங்கப் போணும்.”

காசிநாதனுக்கு அதற்குமேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “உப்புடி. எல்லாம் மண்டிச் செங்கல்லு. நான்தான். என்னாலதான்.”

“தெரியும்.”

“இன்னாது?”

“மொத நாளு ஆடு நக்கினப்பவே தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். மூணு வேள சமைக்கிறவளுக்கு உப்பு தெரியாதா? ஆட்டப் பாருங்க, ஆட்டப் பாருங்கன்னு எத்தினி தடவ சொன்னேன். நீங்க தொடப்பத்த எடுத்தீங்க.”

“நேரா சொல்றதுதான?”

“நேரா சொன்னா? எண்பது வருஷத்துச் செங்கல்லு, மணி மாதிரி கேக்கும்னு ஆரம்பிச்சிருப்பீங்க. இப்ப எந்திரிங்க. வாயத் தொடச்சிகினு பாய்கிட்ட போங்க. அத மட்டும் நான் வந்து சொல்ல மாட்டேன்.”

போனார். பதினைந்து அடி தூரம். அவருக்கு ஆலங்காயம் வரைக்கும் நடந்த மாதிரி இருந்தது. முஸம்மில் பாய் பள்ளத்தில் இறங்குவதற்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாய், எறங்காதீங்க.”

“இன்னும் அர அடிதான் மாஸ்டர்.”

“பாய், அது தண்ணி இல்ல. உப்பு. தப்பு என் செவுத்துல. மண்டிச் செங்கல்ல கொண்டாந்து நான் கட்டின செவுரு. நேத்தே தெரியும். நேத்து இங்க நின்னு டீ குடிச்சேன். சொல்ல வாய் வரல. மன்னிச்சுடுங்க பாய்.”

முஸம்மில் பாய் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கோபிப்பார் என்று காசிநாதன் காத்திருந்தார். கோபித்திருந்தால் தேவலை.

“நாலு நாளா எங்க வூட்ல எல்லாரும் என் மச்சான் வூட்டுக்குப் போய்தான் குளிக்கிறோம் மாஸ்டர்” என்றார் பாய், மெதுவாக. “பரவால்ல. நம்ம பக்கம் தப்பு இல்லன்னு ஆச்சே, அல்ஹம்துலில்லாஹ். அது போதும் எனக்கு.”

காசிநாதன் தலை நிமிரவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஜஹீருன்னிசா எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். சந்தன நிறத்தில் ஒரு டைல்ஸ். ஓரத்தில் சின்னப் பூ.

“அண்ணே, இந்தக் கலர்தான்.”

முஸம்மில் பாய் அதைப் பார்த்தார். “இது எப்ப வாங்கின?”

“அண்ணன் வாசல்ல நின்னு வாக்கு குடுத்தாருல்ல? அன்னிக்கு சாயங்காலமே நானும் அமிர்தமும் கடைக்குப் போய்ட்டு வந்தோம்.”

“அப்ப உனக்கு முன்னாடியே...?”

“அந்த ரோஸ் கலர மாத்துங்கன்னு நாலு வருஷமா கெஞ்சினேன். நல்லாத்தான இருக்குது, எதுக்கு ஒடைக்கணும்னு சொன்னீங்க. இப்ப நீங்களே ஒடச்சீங்க. நான் ஒரு வார்த்த பேசல.”

நான்கு நாளாக இடுப்பளவு தோண்டின மனுஷன் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு காசிநாதனைப் பார்த்தார். இரண்டு பேரும் மண்மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“பேஜாரு மாஸ்டர்” என்றார் பாய்.

“ஆமா பாய்” என்றார் காசிநாதன்.

அடுத்த வாரம் ஆரோக்கியசாமி மேஸ்திரி மறுபடி வந்தார். முதல் செங்கல்லைக் காசிநாதன்தான் எடுக்க வேண்டும் என்று அமிர்தவள்ளி பிடிவாதமாக நின்றாள். ஊர் எதிரில் சொன்ன வாக்கு. எடுத்தார். கையில் வைத்து ஒருதடவை தட்டிப் பார்த்தார். மணி மாதிரிதான் கேட்டது. அதைக் கேட்டு இப்போது யாரும் ஆமாமா என்று சொல்லவில்லை.

“ஜன்னல் எந்த அளவுக்கு சார் வுடணும்?” என்றார் மேஸ்திரி.

“இனிமேதான் அளவு எடுக்கணும். கிரில்லுக்குச் சொல்லணும், அது வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்...” என்று காசிநாதன் இழுத்தார். பத்து நாளாவது சுவர் நிற்கட்டும் என்ற நப்பாசை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கிரில் பட்டறைக்காரன் பெயிண்ட் அடித்த ஜன்னலோடு இறங்கினான். “அக்கா, நீங்க சொன்ன அளவுதான். அன்னிக்கு டைல்ஸு கடையிலருந்து ரெண்டு பேரும் நேரா பட்டறைக்கு வந்தீங்களே, அப்பவே எழுதிக்கினது.”

காசிநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் மேஸ்திரிக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சுவர் முழுக்க இடித்து, சூளைச் செங்கல் வைத்துக் கட்டி, நடுவில் ஜன்னல் உட்கார்ந்தது. இடித்த செங்கல்லைப் பாலாற்றில் கொட்டிவிடலாம் என்றார் காசிநாதன். ஒன்றே ஒன்றை மட்டும் அமிர்தவள்ளி எடுத்துப் பக்கத்து வீட்டில் நவாப் கட்டியிருக்கிற முளைக்கு அருகில் வைத்துவிட்டு வந்தாள். காசிநாதனுக்கு அப்புறம் அந்தச் செங்கல்லை மனசார மதித்தது நவாப் ஒன்றுதான்.

இப்போது விருந்தாளிகள் வந்தால் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சமையலறையில் வெளிச்சம் வருகிறது. ஜன்னல் வைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காசிநாதன் கூடத்தில் தலையைக் குனிந்து பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு கரண்டி நீண்டது. கரண்டிக்குப் பின்னால் அமிர்தவள்ளியின் முகம்.

“இந்தாங்க, சாம்பார்ல உப்பு பாத்து சொல்லுங்க. ஆடு இன்னிக்கு வரல.”